பறக்கும் வெள்ளை

ஓட்டை, விரிசல், பிசிறு. இந்த மூன்றில் எது கண்ணில் பட்டாலும் தர்ஷனாவின் கை சும்மா இருக்காது. லிட்கம் புறநகரில் கல்லறைக் கற்கள் செய்யும் ஒரு பட்டறையில் அவள் பதினொரு வருடமாக நிலைத்திருப்பதும் அந்தக் கையால்தான்.

இறந்தவரின் பெயர், தேதி, சிலுவை, ஓம், தாமரை, எது வந்தாலும் அதைக் கணினியில் ஏற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து, ரப்பர் தகட்டில் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. தகட்டைக் கல்லில் ஒட்டிப் பின்கட்டில் மணலை வேகமாக அடிப்பார்கள். தகடு திறந்திருக்கும் இடம் பள்ளமாகும், மூடியிருக்கும் இடம் மேடாக நிற்கும். எழுத்துக்குள் மயிரிழைபோல ஏதாவது இருந்தால் ரப்பர் பிய்ந்து எல்லாம் கோணலாகிவிடும். ஆகவே ஓட்டையைக் கண்டால் அடைத்து அனுப்ப வேண்டும் என்பது முதலாளி விக்னராஜா முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம்.

விக்னராஜாவுக்கு அறுபது வயது. கொக்குவில்காரர். "உயிரோடை இருக்கிற சனம் குறை சொல்லும் பிள்ளை, செத்த சனம் சொல்லாது. அதாலைதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தனான்" என்பது அவருடைய பகிடி. வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

பட்டறைக்கு வருபவர்களில் பாதிப்பேர் சீனர்கள். அவர்களுக்காக விக்னராஜா கணினியில் ஐந்து வகை எழுத்து வாங்கி வைத்திருந்தார். பெட்டிக்குள் நிறுத்திவைத்ததுபோல நிமிர்ந்து நிற்கும் எழுத்து ஒன்று. முக்கால்வாசிப் பேர் கேட்பது அதைத்தான். வால் நீண்டு அலைபோல முடியும் பழைய எழுத்து ஒன்று. முத்திரைகளில் வருகிற, கொடிபோல வளைந்த, அதைவிடப் பழைய எழுத்து ஒன்று. நடந்து போகிறவர்கள் கை கோத்ததுபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும் எழுத்து இன்னொன்று. ஐந்தாவதுக்குப் புல் எழுத்து என்று பெயர். காற்றில் சாய்ந்த புல்தான். சொந்தக்காரர்களாலேயே வாசிக்க முடியாது என்பதால் அதை யாரும் கேட்டதில்லை. தர்ஷனாவுக்கு இவற்றில் ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஆனால் தூரத்தில் வருகிற ஆளை நடையில் கண்டுபிடிப்பதுபோல, எது எந்த வகை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

ஜனவரி மாதம் மிஸ்டர் லியாங் வந்தார். ஈஸ்ட்வுட்டிலிருந்து தனியாக ரயில் ஏறி, மடக்கும் வெள்ளைப் பிரம்போடு வந்தார். எழுபத்தெட்டு வயது. தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வையின் நடுப்பகுதி முழுக்கப் போய்விட்டது, ஓரத்தில் மட்டும் ஆள் நிழல்போலத் தெரியும் என்று அவரே சொன்னார். போன வருடம் மனைவி இறந்துவிட்டார். அவருக்குக் கல் வைக்க வேண்டும்.

கணினி எழுத்து அவருக்கு வேண்டாம். ஓர் அட்டைக்குழாயிலிருந்து நீளமான தாள் ஒன்றை உருவி மேசையில் விரித்தார். தூரிகையால் எழுதிய மூன்று எழுத்துகள், மனைவியின் பெயர். அவர் கையெழுத்து. மேலிருந்து கீழாக, நடந்து போகிற வகை. இதை அப்படியே கல்லில் வெட்ட வேண்டும் என்றார். அப்படியே என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார்.

பதினொரு வருடத்தில் தூரிகையால் எழுதிய தாள் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தர்ஷனா ஆசையோடு எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது எழுத்தின் கடைசிக் கோடு நடுவில் நேராகத் தொங்கியது. அழகான கோடு. ஆனால் பாதிக்குக் கீழே ஒரே கீறல். கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக இழை ஓடியது. மை சரியாகப் பிடிக்கவில்லை, பாவம், கண் தெரியாத மனிதர் என்று நினைத்தாள்.

இப்படி ஏதாவது வந்தால் ஒரு நகல் எடுத்து, நகலில்தான் அடைப்பாள். அந்தத் தாள் நகல் இயந்திரத்துக்குள் போகாத அளவுக்கு நீளம். அதனால் கல்லில் குறி போடும் தடித்த மார்க்கரை எடுத்து, தாளிலேயே, ஒவ்வொரு வெள்ளை இழையாக அடைத்தாள். விளிம்பு தாண்டவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து ஒன்றரை மணி நேரம் செய்தாள். முடித்து நிமிர்ந்தபோது கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பாக இறங்கியது. விக்னராஜா எட்டிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றார்.

மாதிரிப் படத்தை லியாங்கின் மகன் கெவினுக்கு அனுப்பினார்கள். அவன் மெல்பர்னில், வெரிபீ பக்கம் இருக்கிறான். சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, நன்றி என்று.

கல் வெட்டப்பட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்களுக்குக் கல்லறை துடைக்கும் நாள் வரும். அந்த வருடம் அது வந்த சனிக்கிழமைக்குள் கல் நிற்க வேண்டும். முன்னதாகப் புதன்கிழமை காலை மிஸ்டர் லியாங் பார்க்க வந்தார். பார்ப்பது என்றால் அவருக்கு விரல்தான். தர்ஷனாவுக்கு அன்று பாராட்டுக் கேட்கும் ஆசை. கல்லின் மேல் கிடந்த போர்வையை அவளே விலக்கி, அவர் கையைப் பிடித்து முதல் எழுத்தின் தலையில் வைத்தாள்.

அவருடைய ஆள்காட்டி விரல் பள்ளத்துக்குள் இறங்கி நடக்கத் தொடங்கியது. கோட்டுக்குக் கோடு, எழுதிய வரிசை மாறாமல் போனது. வளைவில் நின்றது, கொக்கியில் சுண்டியது. உதடு எதையோ முணுமுணுத்தது. முதல் எழுத்து முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்திருந்தது. மூன்றாவதின் கடைசிக் கோட்டில் விரல் வழுக்கிக்கொண்டு அடிவரை வந்து நின்றது.

மறுபடி மேலே போனார். மறுபடி வழுக்கி வந்தார். மூன்றாவது தடவை, வலது கையை நம்பாதவர்போல இடது கை விரலை வைத்தார்.

அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். "மிஸ் தர்ஷனா, மை எங்கே முடிகிறது?"

"இதோ, இங்கேதான். அடியில்."

"அது கோடு முடிகிற இடம். மை முடிகிற இடத்தைக் கேட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். தூரிகையில் மை குறைந்து, கை வேகமாகப் போனால், தூரிகையின் மயிர் பிரியும். பிரிந்த மயிர்களுக்கு நடுவே தாளின் வெள்ளை தெரியும். அதற்கு அவர்கள் மொழியில் பறக்கும் வெள்ளை என்று பெயர். வேண்டுமென்றே அதை வரவைக்கிற பெரிய எழுத்துக் கலைஞர்கள் உண்டு. "நான் வரவைக்கவில்லை. எனக்கு மை தீர்ந்துவிட்டது" என்றார்.

தர்ஷனா கல்லில் இருந்த அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

விக்னராஜா அதற்குள் அவசரமாக முன்னால் வந்தார். கருங்கல் அவ்வளவு மெல்லிய இழையைத் தாங்காது, உதிர்ந்துபோகும், அதனால்தான் நிரப்ப வேண்டி வந்தது என்று ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னார். தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். மணல் அடிப்பதை விட்டுவிட்டு ஒரு நாள் பொறுமையாக உளி பிடித்தால் போதும். அவள் வாய் திறப்பதைக் கண்டு விக்னராஜா தமிழில் தணிந்த குரலில் சொன்னார்: "நீ பேசாமல் இரு பிள்ளை. சனிக்கிழமைக்கிடையிலை வேறை கல்லுக்கு எங்கை போறது?"

லியாங் தலையை ஆட்டிக்கொண்டார். கல்லின் குணம் அப்படி என்றால் என்ன செய்ய முடியும் என்றார். கோபம் இல்லை. அந்த நேரம் பின்கட்டில் லாரி வந்து ஹாரன் அடிக்க, விக்னராஜா தப்பித்தேன் என்று போய்விட்டார்.

லியாங் கதிரையில் உட்கார்ந்து, ஏன் கேட்டேன் என்றால் என்று தொடங்கினார்.

நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் எழுத உட்கார்ந்த நாளெல்லாம் மை அரைத்தது மனைவி மெய்ஹுவாதான். மை அரைக்கும் கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மைக்கட்டியைப் பிடித்து, வட்டமாக, அவசரப்படாமல் அரைக்க வேண்டும். கடையில் புட்டி மை கிடைக்கும், அந்த அம்மா வாங்கவிடவில்லை. போன வருடம் டாக்டர்கள் கையை விரித்தபோது, என் கல்லறைக் கல்லுக்கு உங்கள் எழுத்துத்தான் வேண்டும் என்று கேட்டார். லியாங்கின் கண் அப்போதே மங்கிக்கொண்டு வந்தது. அவருக்குக் கண் போவதற்குள், மனைவிக்கு உயிர் போவதற்குள் எழுதியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் தாளை விரித்தார்கள். மெய்ஹுவா தலையணையில் சாய்ந்தபடி அரைத்தார். கையில் பலம் இல்லை. நிறுத்தி நிறுத்தி அரைத்தும் கல்லின் குழியில் இத்தனூண்டு மைதான் தேறியது.

அதில் எழுதினார். கடைசிக் கோட்டின் பாதியில் மை தீர்ந்தது.

"எழுதின கோட்டின் மேல் திரும்பத் தூரிகை வைக்கக்கூடாது. அது எங்கள் சட்டம். இன்னொரு தாள் எழுதுகிறேன் என்றேன். தன்னால் இனி அரைக்க முடியாது என்றாள். அந்த வெள்ளையில் விரலை வைத்து, கறுப்பு உங்கள் கை, இது என் கை, இப்படியே இருக்கட்டும் என்றாள்." பிறகு சொன்னார்: "அதற்குப் பிறகு அவள் மை அரைக்கவில்லை. நான் எழுதவும் இல்லை."

தர்ஷனா போர்வையை எடுத்துக் கல்லை மறுபடி மூடினாள்.

"கல்லில் இல்லாவிட்டால் பரவாயில்லை. தாள் இருக்கிறதல்லவா? எடுத்துப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். எத்தனை இழை, எங்கே தொடங்குகிறது என்று. என் கண்ணுக்கு மறந்துவிட்டது."

அலமாரியிலிருந்து குழாயை எடுத்துத் தாளை விரித்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. அவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பூசிய கறுப்பு. நான்கு இழை என்று சொல்லிவிடலாம். ஐந்து என்றும் சொல்லலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்? எதைச் சொன்னாலும் அவர் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். பொய்யை ஒழுங்காகக் கட்ட நேரம் வேண்டியிருந்தது. வெளிச்சம் போதாது, ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தாள்.

ஜன்னலில் தாளைச் சாய்த்தபோதுதான் அதைக் கண்டாள்.

அரைத்த மை வெயிலில் மினுங்கவில்லை. கரிபோல ஆழமாகக் கிடந்தது. மார்க்கர் மை மட்டும் ஊதா கலந்து பளபளத்தது. அவள் அடைத்த ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழுந்து நின்றது. சாய்த்தால் தெரிந்தது, நிமிர்த்தினால் மறைந்தது.

"நடுவுக்கு இரண்டு விரல் கீழே தொடங்குகிறது" என்று அவள் சொன்னாள். "இடது ஓரத்தில் முதலில் ஒன்று. தையல் நூல் அளவுதான். பிறகு பக்கத்தில் இரண்டு. அதில் ஒன்று கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடுகிறது. பிறகு வலது பக்கம் நான்கு, சேர்ந்து சேர்ந்து. கடைசியில் வெள்ளைதான் அதிகம். கறுப்பு மூன்று மயிரிழை மட்டும் அடிவரை போகிறது."

லியாங் முழங்காலின் மேல் விரலால் கோடு போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாம். பாதியில் நின்றுபோன ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள்." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டார். பிறகு கையை நீட்டினார். "சுருட்டிக் கொடுங்கள். கெவின் வெள்ளிக்கிழமை வருகிறான். அம்மாவுடைய கை எது என்று அவனுக்குக் காட்ட வேண்டும். அவன் இதுவரை பார்த்ததே இல்லை."

தாள் அவள் கையிலேயே இருந்தது. கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் கெவின் விரித்துப் பார்ப்பான். வெறும் கறுப்பைப் பார்ப்பான். எங்கே அப்பா வெள்ளை என்று கேட்பான். அதை இந்த மனிதர் மகனுடைய வாயால் கேட்க வேண்டுமா?

"மிஸ்டர் லியாங், தாளிலும் வெள்ளை இல்லை" என்றாள். "நான் அடைத்துவிட்டேன். மார்க்கரால். பழுது என்று நினைத்து அடைத்தேன். கல் தாங்காது என்பது பொய்."

அவர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்கட்டில் லாரியிலிருந்து கல் இறக்கும் சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்படியென்றால் இப்போது எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

வெயிலில் பூச்சு பளபளக்கிறது, அதை வைத்து எண்ணினேன் என்றாள்.

"திரும்பத் தொட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் தொடக்கூடாது என்கிறோம்." திட்டுகிற குரல் இல்லை. தெரிந்த பாடத்தை ஒப்பிக்கிற குரல். அவர் தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். மார்க்கரின் வாடை அடித்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தர்ஷனா மளமளவென்று பேசினாள். பளபளப்பை வைத்து இழைகளை அப்படியே பிரதி எடுத்துவிடலாம், மயிரளவும் பிசகாது, புதிய கல்லில் தானே உளி பிடித்து வெட்டித் தருவேன், சனிக்கிழமை தவறினாலும் அடுத்த மாதம் வைக்கலாம், முதலாளியிடம் தானே பேசிக்கொள்வேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்.

"நீங்கள் வரைவது உங்கள் கை. அவள் கை இல்லை."

எழுந்து பிரம்பை விரித்தவர் வாசலில் நின்று ஒன்று கேட்டார். கெவினிடம் இதைச் சொல்லக் கூடாது. நான்கு நிமிடத்தில் சரி என்று சொன்னவன் அவன். தெரிந்தால் ஆயுளுக்கும் குத்திக்கொண்டிருக்கும். "எனக்குச் சத்தியம் செய்து கொடுங்கள்." அவள் செய்து கொடுத்தாள்.

மாலையில் விக்னராஜா நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "பெரிய அரிச்சந்திரி எண்டு நினைப்பே? சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மனுசன் நிம்மதியாப் போயிருக்கும்."

"ஓம் அண்ணை" என்றாள். அவர் சொன்னதில் பிழை இருப்பதாக அவளுக்கும் படவில்லை. டூங்கபியில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும் வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ருக்வுட் கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். வறுத்த பன்றி இறைச்சி, தோடம்பழம், ஊதுபத்தி, குழந்தைகள். பட்டறைச் சார்பில் கல்லை ஒப்படைக்க யாராவது போக வேண்டும். விக்னராஜா முழங்கால் நோகிறது என்றார். தர்ஷனா போனாள்.

கெவின் நல்ல உயரம். நாற்பது வயதிருக்கும். அவளைக் கண்டதும் கை கொடுத்துவிட்டு, கல்லை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தான். எழுத்துப் பள்ளங்களில் அடித்திருந்த தங்கப் பூச்சு வெயிலில் தகதகத்தது.

பக்கத்தில் காகிதம் எரிக்கிற இரும்புத் தொட்டி இருந்தது. இறந்தவர்களுக்கு என்று காகிதப் பணம், காகிதச் சட்டை எல்லாம் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். லியாங் தன் பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்தார். தர்ஷனாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது என்ன அப்பா என்று கெவின் கேட்டான். பழைய தாள், எழுத்து இருக்கிற தாளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் என்றார் அவர். கெவின் அவர் கையைப் பிடித்துத் தொட்டியருகே நிறுத்தினான். தாள் உள்ளே விழுந்து, ஒருமுறை விரிந்து, அந்த நீளக் கோடு கடைசியாக ஒரு தடவை கறுப்பாகத் தெரிந்து, சுருண்டு எரிந்தது. அவள் இரண்டடி முன்னால் போய்விட்டாள். பிறகு நின்றுகொண்டாள்.

லியாங் கல்லுக்குத் திரும்பி வந்தார். கெவின் அவர் விரலை மூன்றாவது எழுத்தின் கடைசிக் கோட்டின் தலையில் வைத்தான். தர்ஷனா எதிரே நின்றாள். விரல் மெதுவாக இறங்கியது. எதையோ நினைவுபடுத்திக்கொண்டு இறங்குவது முகத்தில் தெரிந்தது. நடுப்பகுதி வந்தது. நடுவுக்குக் கீழே ஒரு விரல். இரண்டு விரல். அந்த இடம்தான். அங்கேதான் இடது ஓரத்தில் தையல் நூல்போல முதல் வெள்ளை தொடங்கியது.

விரல் நிற்காமல் அந்த இடத்தைக் கடந்தது. அடி வரைக்கும் போய்விட்டு, சற்றுத் தயங்கி, மறுபடி மேலே வந்து தேடியது. ஓர் இடத்தில் நின்றது. அது மிகவும் மேலே. பிறகு இன்னோர் இடத்தில் நின்றது. அது மிகவும் கீழே. இங்கேதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் நின்றது. பக்கத்தில் கெவின் நின்றான்.

லியாங் விரலை எடுத்துக் மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தை அவள் நின்ற பக்கம் திருப்பவில்லை.

கெவின் அவளருகே வந்து தன் ஃபோனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அம்மாவுக்கு வீட்டில் ஒரு தூசி இருந்தாலும் பிடிக்காது என்றான். ஒரு பிசிறு இல்லை பாருங்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள், அப்பாவுக்குத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லி, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தர்ஷனா நன்றி என்றாள்.